கிரைண்டர் நின்றால் டார்பீடோ

இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு ஏவுகணைகள். அத்தனையும் அரியாங்குப்பத்தில் ஒரே தோசைக்கல்லிலிருந்து கிளம்பியவை. அடுத்தது இப்போது கிளம்பப் போகிறது. கமலவேணி கல்லுக்கு மேலே உள்ளங்கையை நீட்டிச் சூடு பார்க்கிறார். அடுப்பைச் சற்றுக் கூட்டுகிறார். சொம்பில் விரல்களை நனைத்து, கல்லின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒரே வீச்சில் தெளிக்கிறார். 'ச்ச்ஸ்ஸ்ஸ்ர்ர்' என்று ஒரு சீறல் எழுந்து உச்சிக்குப் போய் அறுந்து நிற்கிறது. அடுப்புக்கு மேலே கம்பியில், எண்ணெய் படாமலிருக்கப் பால் கவரில் சுற்றித் தொங்கவிட்ட கைப்பேசி அதைப் பதிவு செய்துகொள்கிறது.

"போச்சு பாரு. வளையத்த தாண்டிப் போச்சு" என்கிறார். அதே கல்லில் மாவை ஊற்றுகிறார். மூன்றாம் மேசைக்காரர் நெய் தோசைக்குக் காத்திருக்கிறார்.

கமலவேணிக்கு நாற்பத்தாறு வயது. புதுச்சேரியிலிருந்து போகும் கடலூர் சாலையில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஆறு மேசை போட்ட மெஸ் நடத்துகிறார். காலையில் இட்லி, தோசை, பொங்கல். மதியம் மீன் குழம்புச் சாப்பாடு. மாலையில் மறுபடியும் தோசை. மதியக் கூட்டம் கலைந்து மாலைக் கூட்டம் வருவதற்குள் ஷட்டர் பாதி இறங்கும். அந்த இடைவெளியில் மெஸ் ஒரு விண்வெளிப் போர்க்கப்பல். தாம்பாளம் உருளும் சத்தமும் "கவசத்தை உயர்த்து! கவசத்தை உயர்த்து!" என்று ஒரு பெண் அலறுவதும் சாலை வரைக்கும் கேட்கும். தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் வாரம் பயப்படுவார்கள். இரண்டாம் வாரம், எந்தக் கப்பல் அடிபட்டது என்று விசாரிப்பார்கள்.

காரணம் அவருடைய தம்பி வெற்றிச்செல்வன். மருந்துக் கம்பெனி ஒன்றில் மாத்திரைகளின் தரம் பார்ப்பது அவர் வேலை. 'வளையக்கோட்டை' என்ற விண்வெளிக் கதையை எழுதுவது அவர் பைத்தியம். வெள்ளிக்கிழமைதோறும் அது யூடியூபில் ஒலித்தொடராக வருகிறது. படம் கிடையாது, காதுக்கு மட்டும். வளையம் சூழ்ந்த ஒரு கோளில் மனிதர்கள் குடியேறியிருக்கிறார்கள். உலோகர் என்ற இரும்புக் கூட்டம் அதை விழுங்க வருகிறது. குறுக்கே கேப்டன் மாதங்கி நிற்கிறாள். எழுதுகிறவர் வீராம்பட்டினத்து மீனவக் குடும்பம் என்பதால் மனிதர்களின் கப்பல்களுக்கெல்லாம் மீன் பெயர். மாதங்கியின் கப்பல் வஞ்சிரம். அதன் பின்னால் போகிற சின்னக் கப்பல்கள் நெத்திலி, கவளை. உலோகரின் கப்பல்களுக்கு எண் மட்டும்தான். "மீனு பேர வச்சிட்டா எதிரிய அடிக்க மனசு வராதுக்கா" என்பது தம்பியின் விளக்கம்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, கப்பலின் கதவு மூடுகிற சத்தம் ஒன்று வேண்டும் என்று தம்பி மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். அக்கா கல்லாவிலிருந்து எழுந்து போய்க் கடை ஷட்டரை இழுத்துவிட்டார். அன்றிலிருந்து வஞ்சிரத்தின் கதவு அதுதான். உலோகரின் நடை, இடுக்கியால் எவர்சில்வர் தட்டைக் கிள்ளுவது. கவசத்திரை கிழிவது, வாழை இலைக் கட்டை நார் நாராக உரிப்பது. பெரிய வெடிப்பு என்றால் காலியான இருபது லிட்டர் தண்ணீர் கேனின் வாயில் உள்ளங்கையால் ஒரே அறை. வெளியிலிருந்து ஒரு சத்தம்கூட வாங்கியதில்லை என்பது கமலவேணியின் பெருமை.

இந்தப் பழக்கம் கடையோடு நிற்கவில்லை. கைப்பையில் எப்போதும் இரண்டு கரண்டியும் ஒரு டம்ளரும் இருக்கும். பெரிய மார்க்கெட்டின் பாத்திரக்கடைகளில் ஒவ்வொரு மூடியையும் காதோரம் வைத்துத் தட்டிப் பார்ப்பார். ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்து, "நல்ல சரக்குக்கா, பத்து வருஷம் உழைக்கும்" என்பார் கடைக்காரர். "உழைக்கறது கெடக்கட்டும், இது கத்த மாட்டேங்குதே" என்று இவர் அடுத்ததை எடுப்பார். நகரப் பேருந்தின் கதவு காற்றை விட்டு மூடிக்கொள்ளும்போது கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, பக்கத்து இருக்கைக்காரியிடம், "இத எங்க கப்பல்ல வச்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறிவிட்டாள்.

ஆனால் எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. வளையக்கோட்டையில் பெரிய ஆயுதங்கள் இரண்டு. அவற்றுக்கு இடையிலான வித்தியாசத்தைக் கமலவேணி மெஸ்ஸில் சாப்பிடுகிற யாரும் சொல்வார்கள்.

ஏவுகணை வெகு தூரத்திலிருந்தே கிளம்பும். கடைசி வரை அதன் இயந்திரம் எரியும். சூட்டை மோப்பம் பிடித்துக்கொண்டு எதிரி திரும்பும் பக்கமெல்லாம் திரும்பும். பத்து, இருபது என்று கூட்டமாகப் போகும். ஆனால் எதிரி பக்கத்தில் ஒரு போலிச் சூட்டைப் பற்றவைத்தால் அதை நம்பி அந்தப் பக்கம் போய்விடும். அதற்கும் ஏமாறாமல் வந்தால் கவசத்திரை இருக்கிறது. வேகமாக வருகிற எதையும் அது தடுத்துவிடும்.

டார்பீடோவுக்கு இயந்திரமே கிடையாது. கப்பல் தள்ளிவிட்ட உந்தலில் குளிர்ந்து, இருண்டு, மெதுவாக மிதந்து போகும். மெதுவாக வருவதைக் கவசத்திரை கண்டுகொள்ளாது. அதற்குக் கண் இல்லை என்பதால் யாரும் அதை ஏமாற்றவும் முடியாது. ஒன்று பட்டால் கதை முடிந்தது. ஆனால் எதிரிக்கு மிகப் பக்கத்தில் போய்த்தான் அதை விட வேண்டும். விடுகிற கப்பல் தன் இயந்திரத்தையும் அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சூடே காட்டிக்கொடுத்துவிடும். அணைத்ததை மறுபடி கிளப்பித் தப்புவதற்குள் வெடித்துவிடும். ஏவுகணை விட்டவர் வீட்டுக்குத் திரும்பலாம். டார்பீடோ விட்டவர் திரும்ப முடியாது.

இதையே கமலவேணி வேறுவிதமாகச் சொல்வார். "மிசைல்னா சம்மந்தி வூட்டுக்காரங்க மாதிரி. தெருமொனையிலயே ஹாரன் அடிச்சிக்கினு கும்பலா வருவாங்க. வழியில யாராவது ரெண்டு வடைய நீட்டினா அங்கயே ஒக்காந்துடுவாங்க. டார்பீடோ மாமியா மாதிரி. செருப்ப வெளியவே கழட்டிட்டு சத்தமில்லாம வந்து முதுகுக்குப் பின்னாடி நிப்பாங்க. திரும்பிப் பாத்தா முடிஞ்சிது."

"எங்கம்மாவ எதுக்குடி வானத்துக்கு இழுக்கற?" என்பார் கணவர் அய்யப்பன். நோணாங்குப்பம் படகுத்துறையில் பாரடைஸ் கடற்கரைக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகிற படகு ஓட்டுநர். மனைவி டார்பீடோவுக்குச் சத்தம் தேடுகிறாள் என்று கேள்விப்பட்டு, கைப்பேசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, படகுக்கு அடியில் ஒருநாள் முழுக்கத் தொங்கவிட்டுப் பதிவு செய்துகொண்டு வந்தார். போட்டுக் கேட்டால் தொண்டை கட்டிய தவளை. கைப்பேசிக்கும் அதன் பிறகு பேச்சு வரவில்லை.

விண்வெளியில் காற்றே இல்லை, சத்தம் எப்படிக் கேட்கும் என்று ஒரு கல்லூரி மாணவர் முதல் வாரமே கேட்டிருந்தார். வெற்றிச்செல்வன் அதற்கு அழகாக ஒரு விதி செய்து வைத்தார். ஒவ்வொரு கப்பலிலும் 'செவி' என்று ஒரு கருவி உண்டு. வெளியே எங்கே சூடு இருந்தாலும் அதைச் சத்தமாக மாற்றி உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கச் செய்யும். "அதான் சொல்றேன், தோசக்கல்லுதான் சரி" என்று அக்கா அதை உடனே ஏற்றுக்கொண்டார். விதியை எழுதியவர் எழுதிய வேகத்தில் மறந்தும் போனார்.

தப்பு நடந்தது போன ஆடி மாதம். கவளை கப்பலின் பைலட் இளநாகன், கல்யாணம் நிச்சயமான பையன், உலோகரின் கப்பல் ஒன்றுக்குப் பக்கத்தில் போய் டார்பீடோவை விட்டுவிட்டுச் சாகிறான். அந்த டார்பீடோவுக்குக் கமலவேணி கடையின் பெரிய கிரைண்டரை ஓடவிட்டு, துணி சுற்றிய மைக்கை அதன் வயிற்றில் ஒட்டிப் பதிவு செய்தார். கனமான, அடித்தொண்டை உறுமல். கேட்ட தம்பிக்கே உடம்பு சிலிர்த்தது. வெள்ளிக்கிழமை வெளியானது. அரை மணி நேரத்தில் கருத்துகள் வர ஆரம்பித்தன.

"அண்ணா, இது அரியாங்குப்பம் அக்கா மெஸ் கிரைண்டர்தானே?"

"உளுந்து இன்னும் ஊறணும்."

"இளநாகன் செத்துட்டானா, இட்லி ஊத்தப் போயிருக்கானா?"

அந்தக் கிரைண்டரின் கல்லில் ஒரு ஓரம் பெயர்ந்திருக்கிறது. சுற்றுக்கு ஒருமுறை 'டொக்' என்று விழும். அரியாங்குப்பத்திலும் நோணாங்குப்பத்திலும் அந்த 'டொக்' கேட்காத காது இல்லை. அடுத்த வாரம் மாதங்கி இளநாகனை நினைத்து அழுதபோது, எதற்கு அழுகிறாள் என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை.

கிண்டலைக் கமலவேணி பொறுத்துக்கொண்டார். யாரும் அழாததைத்தான் பொறுக்க முடியவில்லை. "ஒரு புள்ள செத்திருக்கான். எல்லாரும் சட்னி கேக்கறானுங்க" என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது கதை முடிகிறது. கடைசிப் பகுதியைப் பதிவு செய்து வெளியிடாமல் மேடையிலேயே நடத்துவது என்று வெற்றிச்செல்வன் முடிவு செய்தார். புதுச்சேரி நகரத்துக்குள் நூற்றிருபது நாற்காலி போட்ட சின்ன அரங்கம். பிப்ரவரி இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை. விளக்குகளை அணைத்துவிட்டு இருட்டில் கேட்க வேண்டும். முடிவு இதுதான்: மாதங்கி தன் ஆட்களையெல்லாம் நெத்திலியில் ஏற்றி அனுப்பிவிட்டு, உலோகரின் தலைமைக் கப்பலுக்கு எதிரே வஞ்சிரத்தில் தனியாக நிற்கிறாள். ரேடியோ செத்துவிட்டது. ஏவுகணையும் மிச்சமிருக்கிறது, டார்பீடோவும் மிச்சமிருக்கிறது. ஏவுகணையை விட்டால் அவள் தப்பிவிடுவாள், கோள் போய்விடும். டார்பீடோவை விட்டால் கோள் பிழைக்கும். அவள் எதை விட்டாள் என்று யாரும் வாயால் சொல்லப்போவதில்லை. சத்தம்தான் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு முன்பு ஒரு மதியம் தம்பி மடிக்கணினியோடு வந்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு வடை சாப்பிட்டார்.

"அக்கா, மேடையில ரெண்டாவது சான்ஸு கெடையாது. ரெடிமேடா சத்தமெல்லாம் வாங்கிட்டேன். லாப்டாப்புல இருந்து போட்டுடறேன். நீ ஜாலியா மொத வரிசையில ஒக்காந்து கேளு."

"மொத வரிசையில ஒக்கார நான் என்னா கவுன்சிலரா?"

"கிரைண்டர் மாதிரி ஆயிடுச்சுன்னா மொத்த கதையும் போயிடும்க்கா."

கமலவேணி கல்லில் இருந்த தோசையைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். அது கருகிய பிறகு எடுத்துத் தானே தின்றார். "மாதங்கி செத்தது யாருக்கும் தெரியலன்னா அவ செத்ததே வீணுடா. அதுக்காகத்தான் சொல்றேன். எந்தச் சத்தம் தெரியுதோ அது மேடைக்குப் போவட்டும். வச்சிப் பாத்துடலாம்."

சோதனை அன்றே நடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்களில் ஆறு பேரைப் பிடித்து நாற்காலிகளைச் சுவர்ப்பக்கம் திருப்பி உட்கார வைத்தார்கள். அதில் ஒருவர் தேவதாஸ். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்று, இங்கே சொல்தா என்று அழைக்கப்படுகிறவர்களில் ஒருவர். பிரெஞ்சு மரியாதையில் எல்லாருக்கும் அவர் முசியே. அவருக்குக் கமலவேணி மதாம். கண் பார்வை மங்கிய பிறகு வளையக்கோட்டையை ஒரு வாரம் விடாமல் கேட்கிறார்.

மடிக்கணினியின் முதல் சத்தத்துக்கு "மிசைல்" என்று எல்லாரும் சொன்னார்கள். இரண்டாவதற்கு, "இதுவும் மிசைலு. பெருசு" என்றார்கள். கமலவேணி தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தார். "மிசைல்!" அடுத்து அவருடைய புதிய டார்பீடோ: அண்டாவுக்குள் தண்ணீர் நிரப்பி, மத்தை மெதுவாகச் சுழற்றுவது. "வயக்காட்டு மோட்டார் கொட்டா" என்றார் ஒருவர். "மோர் கடையிறாங்க" என்றார் இன்னொருவர்.

ராணுவத்தில் இருந்தவர் ஆயிற்றே என்று எல்லாரும் தேவதாஸைப் பார்த்தார்கள். அவர் கையை விரித்தார். "என்னைய ஏன் பாக்கறீங்க? நானு தரைப்படை. தொர்ப்பீய் கப்பல்காரங்களோடது. படத்துலகூட பாத்ததில்ல." தொர்ப்பீய் என்பது டார்பீடோவுக்கு அவர் ஊர் சுற்றிக் கற்றுவந்த பெயர்.

ஆக, இரண்டு பக்கமும் தோல்வி. தம்பி சமாதானமாக ஒரு வழி சொன்னார். "ஒரே ஒரு வசனம் வச்சிடறேன்க்கா. 'டார்பீடோவை விடு!'ன்னு மாதங்கி கத்தட்டும். முடிஞ்சிது."

"தனியா நிக்கிறவ யாரப் பாத்துடா கத்துவா?"

தை மாதம் முடியும்வரை அக்காவுக்கு அவகாசம் என்று தம்பி சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு பத்து நாள் மெஸ்ஸில் கையில் கிடைத்ததெல்லாம் டார்பீடோ ஆகிப் பார்த்தது. சாக்கை இழுத்தார். பூசணிக்காயை உருட்டினார். குழம்புச் சட்டியைத் தரையில் தேய்த்து, மீன் குழம்புக்கு வேறு சட்டி தேட வேண்டியதாயிற்று. "மெதுவா வருது, சத்தமில்லாம வருதுன்னு எழுதி வச்சிட்டு அதுக்குச் சத்தம் குடுன்னா எங்க போவேன்?" என்று வாடிக்கையாளர்களிடமே கேட்டார். யாரோ பூனையைச் சிபாரிசு செய்தார்கள்.

தை மாதத்துக் காலை ஒன்று. ஆறு மேசையும் நிரம்பியிருந்தது. குளிருக்கு மின்விசிறிகளை யாரும் போடவில்லை. பின்கட்டில் கிரைண்டர் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. கமலவேணி கல்லில் நாலு தோசை ஊற்றியிருந்தார். கரண்டு போனது.

கிரைண்டர் நின்றது. அவ்வளவுதான். ஆனால் ஆறு மேசையிலும் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. பொங்கலை அள்ளிய கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. ஒருவர் வடையைக் கடித்தபடியே மெல்லாமல் இருந்தார். யாரும் பேசவில்லை. கமலவேணி தோசைத் திருப்பியைப் பிடித்தபடி அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து யாரோ, "கரண்டு போச்சா?" என்றார். உடனே எல்லாரும் மூச்சு விட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

"எதுக்கு நிமிந்தீங்க?" என்று பக்கத்து மேசைக்காரரைக் கேட்டார் கமலவேணி.

"தெரியலக்கா. என்னமோ நின்னுது."

"என்னா நின்னுது?"

அவர் யோசித்தார். "கிரைண்டரு."

"அது ஓடினப்ப காதுல விழுந்துதா?"

"இல்லியே."

நாலு தோசையும் அன்று கருகின. கமலவேணி கைப்பேசியை எடுத்தார். "டேய், டார்பீடோ கெடச்சிடுச்சு."

"எங்கக்கா?"

"கரண்டு போனதுல."

தம்பிக்குப் புரிய வைக்கச் சற்று நேரம் பிடித்தது. கப்பலின் இயந்திர ஓசையாகக் கிரைண்டரைக் கதையின் தொடக்கத்திலிருந்தே ஓடவிட வேண்டும்; 'டொக்' கொஞ்ச நேரத்தில் பழகிவிடும், அப்புறம் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்; கடைசியில் அதை நிறுத்த வேண்டும்; டார்பீடோவுக்கென்று சத்தமே வேண்டாம் என்றார். மறுமுனையில் தலையில் அடித்துக்கொள்ளும் ஓசை கேட்டது. "அக்கா! சூடு இருந்தாத்தான் செவியில சத்தம் வரும். டார்பீடோவுக்கு சூடே கெடையாது. அத விடறதுக்கு கப்பல் என்ஜினையும் நிறுத்தணும். எல்லாம் நானே எழுதி வச்சிருக்கேன்க்கா!"

"எழுதினா ஆச்சா? படிக்க வேணாமா?"

அந்தக் கண்டுபிடிப்பு தன்னுடையது என்று வெற்றிச்செல்வன் இப்போது சொல்லிக்கொள்கிறார். அக்கா மறுப்பதில்லை. தோசையில் மட்டும் நெய்யைக் குறைத்துவிடுகிறார்.

இரண்டாம் சோதனைக்குத் துர்கா வந்திருந்தார். மாதங்கியின் குரல் அவருடையது. கதிர்காமம் மருத்துவமனையில் செவிலியர். "சாவறதுக்கு இன்னிக்கி அரை நாள் பர்மிஷன் போட்டிருக்கேன்க்கா. சீக்கிரம் கொன்னு அனுப்புங்க" என்றபடியே உள்ளே நுழைந்தார். அதே ஆறு பேர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். இந்த முறை எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. காபி கொடுத்து, கதையின் கடைசிப் பகுதியைக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். கிரைண்டர் முன்பே ஓடிக்கொண்டிருந்தது. "மாவு ஆட்டறீங்களா அக்கா?" என்று ஒருவர் கேட்டார். பிறகு அவரும் மறந்துவிட்டார்.

துர்கா படித்தார். உலோகர் நெருங்கினார்கள். தோசைக்கல் சீறியது. "மிசைல்" என்று யாரும் கேட்காமலே முணுமுணுத்தார்கள். மாதங்கி தன் ஆட்களை அனுப்பினாள். ஷட்டர் விழுந்தது. ரேடியோ கரகரத்துச் செத்தது. துர்கா காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். கிரைண்டர் மட்டும் ஓடியது.

கமலவேணி சுவிட்சை அணைத்தார்.

ஆறு முதுகுகளும் நிமிர்ந்தன. தேவதாஸின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. சாலையில் ஒரு பேருந்து போனது. அதுகூட வேறு ஊரில் போவதுபோல் இருந்தது. யாரோ வாயைத் திறக்கப் போகிற நேரத்தில் கமலவேணி தண்ணீர் கேனின் வாயில் அறைந்தார். 'தொம்'.

டார்பீடோ என்ற வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை. சட்னி என்றும் யாரும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்தபடியே தேவதாஸ் கேட்டார்: "மாதங்கி போயிட்டாளா, மதாம்?"

"போயிட்டா முசியே."

அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "மோன் தியே, கடவுளே" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்படி ஆளயே கொன்னுட்டீங்களே. இன்னொரு காபி குடுங்க."

"சாவுக்கு வந்தவங்களுக்கெல்லாம் காபி ஃப்ரீ" என்றார் துர்கா. சிரிப்பு வந்தது; ஆனால் கொஞ்சம் தாமதமாக வந்தது. வெற்றிச்செல்வன் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தார். வாங்கிய சத்தங்களை என்ன செய்வது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

அதற்காக அக்காவும் தம்பியும் சண்டையை விட்டுவிடவில்லை. இப்போது சண்டை, அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்பது. "இவ்ளோ நேரம் சத்தமில்லன்னா நெட்டு போச்சுன்னு நெனப்பாங்கக்கா" என்கிறார் தம்பி. "மேடையில எதுடா நெட்டு?" என்கிறார் அக்கா. கடிகாரத்தை வைத்து அளக்கிற பேச்சுக்கே அவர் வருவதில்லை. முதல் ஆள் வாயைத் திறப்பதற்குச் சற்று முன்னால் கேனை அடிக்க வேண்டும். அது இருட்டிலும் தெரியும் என்கிறார். ஆறு மேசையில் யார் எப்போது கூப்பிடப் போகிறார்கள் என்பது முதுகுப்பக்கமாகவே தெரிகிற ஒருவர் சொல்வதால் தம்பி கொஞ்சம் அடங்கிப்போகிறார்.

கிரைண்டர் பதிவாகப் போகவில்லை. நேரிலேயே மேடைக்குப் போகிறது. அய்யப்பன் தன் நண்பரின் சின்ன லாரியைச் சொல்லி வைத்துவிட்டார். அரங்கத்து மேலாளர் மேடையில் கிரைண்டரா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். அதன் சுவிட்சை யாரும் தொடக்கூடாது என்பது கமலவேணி அவருக்கு விதித்த ஒரே நிபந்தனை. "அன்னிக்கி நெசமாவே கரண்டு போயிட்டா?" என்று துர்கா கிண்டலாகக் கேட்டார். "போனா மாதங்கி பாதியிலேயே செத்துடுவா. அதான் ஜெனரேட்டர் இருக்குதான்னு மொதல்லயே கேட்டுட்டேன்" என்றார் இவர், சிரிக்காமல்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வெறுங்கல் சுற்றினால் சத்தம் கிறீச்சிடும். அது கப்பல் ஆகாது. உள்ளே ஊறிய அரிசி இருந்தால்தான் அந்தக் கனம் வரும். ஆனால் நிகழ்ச்சி ஒரு மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரம் ஓடினால் அரிசி வெண்ணெய் மாதிரி ஆகிவிடும். இட்லிக்குக் கொரகொரப்பு வேண்டும்.

"அந்த மாவ அங்கயே கொட்டிட்டு வந்துடலாம்க்கா" என்றார் தம்பி.

"எது? கேப்டன் கப்பல்ல ஆட்டின மாவயா?"

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. கமலவேணி கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். விலை எழுதித் தொங்கவிட்டிருக்கும் கரும்பலகையில் 'இட்லி' என்ற வார்த்தையை முந்தானை நுனியால் அழித்தார். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் எழுதினார்: 'ஞாயிறு கடை லீவு. திங்கள் தோசை மட்டும்.'

"ஏன்க்கா, இட்லிக்கு என்னா ஆச்சு?" என்று உள்ளேயிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

கமலவேணி அடுப்படிக்கு வந்து, சொம்பில் விரல்களை நனைத்து, கல்லின் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரு வீச்சு வீசினார்.

நிகழ்ச்சி முடிந்து கிரைண்டர் ஞாயிறு இரவே அரியாங்குப்பத்துக்குத் திரும்பிவிடும். மேடையில் அரைத்த மாவு இரவு முழுக்கப் புளிக்கும். இருபத்துமூன்றாம் தேதி, திங்கட்கிழமை, கடை வழக்கம்போல விடிந்ததும் திறக்கும்.